நோட்டுல உண்மை இருக்கோணும்

(கூட்டமைப்பின் இருபதாம் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



"எதிர்பாராத மாற்றமும் நம் குழுக்களும்" என்று தலைப்புக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராதுங்க. அதனால் எங்கள் குழுவின் பழைய நோட்டு ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். 2020-ம் வருடத்து சேமிப்பு நோட்டு. ஓரத்தை எலி கடித்திருக்கிறது. இதில் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஏன் இப்போ சொல்றேன்னா, நம்ம பக்கம் மறுபடியும் பொழப்பு ஆட்டம் கண்டிருக்குதுங்க. 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி அமெரிக்காக்காரன் நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று போட்டான். திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை நம்பி ஓடிய கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது, ஓவர்டைம் நின்றது. வாஷிங்டனில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால், பல்லடம் ரோட்டில் செக்கிங் வேலை பார்க்கும் பொண்ணுக்குச் சனிக்கிழமை சம்பளம் குறைகிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளம் வருகிறது என்று கை தூக்கச் சொன்னால், பாதி மண்டபம் தூக்கும். இந்த நேரத்தில் குழு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில் இந்த நோட்டில் இருப்பதுதான்.

எங்கள் ஊர் சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிறது. குழு 2006-ல் ஆரம்பித்தது. பதினாலு பேர். ஆறு பேர் பனியன் கம்பெனி. மூணு பேர் தறிக் கொட்டகையில் நூல் சுத்துறவங்க. ரெண்டு பேர் நூறு நாள் வேலை. ஒருத்தர் வீட்டிலேயே டைலர். ஒருத்தர் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். நான் ரெண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். ஒவ்வொரு புதன்கிழமையும் ராத்திரி ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் திண்ணையில் கூட்டம். வாரச் சேமிப்பு 50 ரூபாய். சேமிப்பு கட்டாமல் விட்டால் அபராதம் 10 ரூபாய். உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி.

பயிற்சியில் நம் எல்லோருக்கும் ஐந்து சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள் அல்லவா? முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையாகக் கடன் திருப்புதல், முறையான கணக்கு. 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஒழுங்குதான் நம்மைக் காப்பாற்றி வருகிறது. அடமானம் கேட்காமல் வங்கி நமக்குக் கடன் கொடுக்கிறதென்றால் இந்த ஐந்தையும் பார்த்துத்தான் கொடுக்கிறது. எங்கள் குழு பதினாலு வருடத்தில் ஒரு புதன்கிழமையைக்கூட விட்டதில்லை என்பதில் எனக்குப் பெருமை. கொஞ்சம் கர்வம்னே சொல்லலாமுங்க.

அதற்கு முன்னாடியும் அடி விழாமல் இல்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடினார்கள். நொய்யல் கெட்டது நம் எல்லோருக்கும் தெரியும். உத்தரவில் நியாயம் இருந்தது. ஆனால் சாயம் போடாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. வேலை இல்லாமல் எங்கள் ஆட்கள் தோட்டத்துக்குக் களை வெட்டப் போனார்கள். அப்போதும் கூட்டம் நின்றதில்லை.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மறுநாள் புதன்கிழமை, எங்கள் கூட்ட நாள். வங்கியும் மூடல், ஏடிஎம்மும் மூடல். திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் கையில் 500 ரூபாய் நோட்டு, சில்லறை கிடையாது. அன்றைக்கு என்ன செய்தோம்? நாலு வாரத்துக்குச் சேமிப்பைப் பாக்கி என்று எழுதிக்கொள்வது, அபராதம் கிடையாது என்று தீர்மானம் போட்டோம். அரிசி டப்பாவிலும் சேலை மடிப்பிலும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எத்தனை பேர் 500 ரூபாய் நோட்டு வைத்திருந்தோம் என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டே சமாளித்தோம்.

நான் செய்த தப்பு என்னன்னா, அந்தப் புதன்கிழமையை மறந்து போனதுதானுங்க.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். 2020 மார்ச் 24 செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் 25-ம் தேதி. பாருங்க, அதுவும் புதன்கிழமை. இந்தப் பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருக்கிறேன். கையெழுத்து ஒன்றும் இல்லை. பதினாலு வருடத்தில் முதல் வெற்றுப் பக்கம்.

எனக்குத் தாங்கவில்லை. கூட்டம்தான் போச்சு, சேமிப்பையாவது விடக்கூடாது என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. நானே முடிவு செய்தேன். எல்லோருக்கும் போன் போட்டேன். "தெருவுக்குள்ளேயேதான எல்லா வீடும் இருக்குது, புதன்கிழமை சாயங்காலம் வாசல்ல வந்து வாங்கிக்கிறேன். சேமிப்பு விட்டுப்போச்சுன்னா கிரேடிங் போயிரும், அடுத்த லோன் கிடைக்காது" என்று சொன்னேன். ஏப்ரல் 1, 8, 15, 22. நாலு புதன்கிழமை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒன்பது பேர் கட்டினார்கள். ஐந்து பேரால் முடியவில்லை. அந்த ஐந்து பேர் பெயருக்கு நேராக நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? "அபராதம் 10." கம்பெனி பூட்டு, தறி நிறுத்தம், நூறு நாள் வேலை கிடையாது. ரேஷனில் கொடுத்த 1,000 ரூபாயிலும் அரிசியிலும் வீடு ஓடிக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில் நான் அபராதம் எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு முகம் சுருங்கிப் போகும்.

ஆனால் பெரிய தப்பு அந்த ஐந்து பேர் பெயரில் இல்லைங்க. ஒழுங்காகக் கட்டிய ஒன்பது பேரில் இருந்தது.

ஏப்ரல் 29. ஐந்தாவது புதன்கிழமை. அன்றைக்கு நான் போவதற்கு முன்னாடியே நூல் சுத்துற அக்கா ஒருத்தர் தன் மகளிடம் 50 ரூபாயும், உள்கடன் தவணை 500 ரூபாயும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏழாவது படிக்கிற பிள்ளை. நான் நோட்டில் எழுதிக்கொண்டே, "உங்கம்மா பரவால்லை கண்ணு, இந்தக் கஷ்டத்துலயும் தவறாமக் கட்டிப்போடுறா" என்றேன். பிள்ளைக்குச் சூது தெரியுமா? "இல்லீங் அத்தை, அம்மா இதுக்குத்தான் வட்டிக்காரருகிட்ட வாங்குனாங்க. அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிராதீங்க" என்றது.

நான் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்படியிலேயே நின்று கேட்டேன். 5,000 ரூபாய். பத்து வட்டி. அதாவது மாதம் 500 ரூபாய் வட்டி. எதுக்குங்க்கா என்றேன். "நீங்கதான சொன்னீங்க, விட்டுப்போச்சுன்னா லோன் வராதுன்னு. என்னால குழுவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதில்லீங்க" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. மாதம் 200 ரூபாய் சேமிப்புக் கட்டுவதற்காக மாதம் 500 ரூபாய் வட்டி. அதே 5,000 ரூபாயைக் குழுவில் வாங்கியிருந்தால் மாத வட்டி 50 ரூபாய். அன்றைக்கு எங்கள் குழு வங்கிக் கணக்கில் 41,300 ரூபாய் சும்மா கிடந்தது. அதில் அந்த அக்காவுடைய பதினாலு வருடக் காசும் இருக்கிறது. அவருடைய பணம் வங்கியில் தூங்குகிறது. அவர் வெளியே பத்து வட்டிக்கு வாங்கி எனக்குச் சேமிப்புக் கட்டுகிறார். நான் அதை வாங்கி, நோட்டில் அழகாக டிக் அடிக்கிறேன்.

நோட்டில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தது. உண்மை மட்டும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் அங்கேயே கொட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். வட்டிக்காரரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அந்த அக்காவை அவர் வாசலுக்கு அனுப்பியது நான்தான்.

மறுநாளே எல்லோருக்கும் போன் அடித்தேன். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம். அதனால் பதினாலு பேரையும் மூன்று பிரிவாகப் பிரித்து, மூன்று சாயங்காலம், எங்கள் களத்து மேட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசினோம். முதல் நாள் பேசியதை இரண்டாம் நாள் படித்துக் காட்டினோம்; இரண்டாம் நாள் சொன்னதை மூன்றாம் நாள் படித்தோம். ஒரே தீர்மானம், மூன்று தேதி, பதினாலு கையெழுத்து. நான் செய்ததை முதலில் சொன்னேன். அந்த அக்கா பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவரே சொன்னார். அவர் சொன்ன பிறகு இன்னும் இரண்டு பேர் வாயைத் திறந்தார்கள். ஒருத்தர் பக்கத்து வீட்டில் கைமாற்று. இன்னொருத்தர் பிள்ளை உண்டியலை உடைத்துக் கட்டியிருக்கிறார்.

ஐந்து சூத்திரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது வளையலாமா என்று கேட்டோம்.

கூட்டம்? வளையலாம். மூன்று பிரிவாக நடத்தலாம். சேமிப்பு? வளையலாம். முடிந்தவர் 10 ரூபாய், முடியாதவர் சும்மா கையெழுத்து. அபராதம் எல்லாம் ரத்து. உள்கடன்? எப்போதும் வரிசைப்படி ஒருத்தருக்கு ஒருத்தராகக் கொடுப்போம். இப்போது வரிசை வேண்டாம், வெளியே வட்டிக்கு வாங்கியவருக்கு முதலில், மருந்துக்கு அடுத்து, சாப்பாட்டுக்கு அதற்கடுத்து. கடன் திருப்புவது? கம்பெனி திறக்கிற வரைக்கும் வட்டி மட்டும்.

ஐந்தாவது, கணக்கு. இது வளையலாமா என்று கேட்டபோது எங்கள் குழுவில் வயதில் மூத்த பெரியம்மா ஒருத்தர், கைநாட்டு வைக்கிறவர், சொன்னார்: "அதை மட்டும் தொடாதே அம்மிணி. எதை எவ்வளவு வளைச்சோம்னு எழுதி வெச்சாத்தான நாளைக்கு நிமித்த முடியும்? எப்ப நிமித்தறதுன்னு தேதியும் போட்டு வையி." படிக்காத மனுஷி. அவர் சொன்னதைத்தான் தீர்மானத்தில் எழுதினோம். நாலு வாரத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு. நாலு வாரம் முடிந்தால் மறுபடி உட்கார்ந்து, வேண்டுமானால் நீட்டிப்பது, வேண்டாமென்றால் பழையபடி திரும்புவது.

அதோடு நோட்டில் ஒரு கோடு புதிதாகப் போட்டோம். பெயர், சேமிப்பு, தவணை, கையெழுத்து என்று நாலு பத்தி இருக்கும் அல்லவா? ஐந்தாவதாக "எங்கிருந்து" என்று ஒரு பத்தி. கூலி என்றால் "கூ". வெளிக்கடன் என்றால் "வெ". நகை அடகு என்றால் "ந". அவ்வளவுதான். ஒரு எழுத்து. யாரையும் குத்திக் காட்டுவதற்கு இல்லை. "வெ" என்று இரண்டு தடவை வந்தால் அந்த வாரமே அவருக்கு உள்கடன் பேச வேண்டும் என்று ஏற்பாடு. இன்றைக்கும் எங்கள் நோட்டில் அந்தப் பத்தி இருக்கிறது.

மே முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்து, அந்த 5,000 ரூபாயையும் வட்டியையும் கட்டி, பத்திரத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தோம்.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வளைந்து கொடுப்பது என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்து ஊரில் ஒரு குழு. நல்ல மனசுக்காரர்கள். ஊரடங்கு வந்ததும், "இருக்கறதைப் பிரிச்சுக்கலாம், கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் நோட்டே எழுதவில்லை. கம்பெனி திறந்த பிறகு யார் எவ்வளவு வாங்கினார், யார் கட்டினார் என்று சண்டை. சொந்தக்காரர்களே முகம் பார்த்துப் பேசாமல் போய், குழுவும் கலைந்தது. நான் இறுக்கிப் பிடித்துத் தப்புச் செய்தேன். அவர்கள் எழுதாமல் விட்டுத் தப்புச் செய்தார்கள். இரண்டிலும் கெட்டுப் போனது ஒன்றுதான்: நோட்டில் உண்மை இல்லை.

வங்கிக் கடன் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மார்ச் 27-ம் தேதி ரிசர்வ் வங்கி தவணைக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுக்கலாம் என்றது. பிறகு ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டியது. மொத்தம் ஆறு மாதம். நிறையப் பேர் அதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டார்கள். தவணையைத்தான் தள்ளி வைத்தார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. உதாரணத்துக்கு, 2 லட்சம் பாக்கி, வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 2,000. ஆறு மாதம் ஒன்றும் கட்டாமல் விட்டால் 12,000 ரூபாய் கூடிப்போய் நிற்கும். நாங்கள் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அசலைத் தள்ளி வைப்பது, வட்டியை மட்டும் பொதுவில் இருந்து கட்டுவது என்று தீர்மானித்தோம். அவகாசம் கொடுத்தால் வாங்கிக்கலாமுங்க, தப்பில்லை. அதுக்கு என்ன விலைன்னு கேட்டுப்போட்டு வாங்கோணும்.

அடுத்தது வருமானம். 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒரு தடவை தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்தில் குழுக் கடனில் இரண்டு தையல் மெஷின் வாங்கித் துணிப்பை தைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணத் தாம்பூலப் பைதான் முக்கிய ஆர்டர். ஊரடங்கில் கல்யாணமே சுருங்கிப் போச்சு, தாம்பூலப் பைக்கு எங்கே போக? டைலர் தங்கச்சி, "அக்கா, அதே துணி, அதே மெஷின், மாஸ்க் தைக்கலாம்" என்றது.

முதல் நூறு மாஸ்க் வீண். பனியன் துணியில் தைத்தோம். இழுத்து இழுத்துத் தொங்கியது. கடை பூட்டியிருந்ததால் எலாஸ்டிக்கும் கிடைக்கவில்லை. பிறகு பைக்கு வாங்கிய காட்டன் துணியில் இரண்டு மடிப்பு வைத்து, எலாஸ்டிக்குக்குப் பதிலாகத் துணி நாடா வைத்துத் தைத்தோம். பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர்களுக்கு முதல் ஆர்டர். அப்புறம் ரேஷன் கடை, மளிகைக் கடை, கோழிப்பண்ணை. துணி, நூல், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 6 ரூபாய் அடக்கம். 10 ரூபாய்க்குக் கொடுத்தோம். ஜூலைக்குள் 9,000 மாஸ்க். கூலி போக 36,000 ரூபாய் மிச்சம்.

இதோடு நிறுத்தினால் வெற்றிக் கதை. ஆனால் நோட்டில் அடுத்த பக்கமும் இருக்குதுங்களே.

ஜூலையில் டைலர் தங்கச்சி சொன்னது: "அக்கா, பனியன் கம்பெனிக்காரங்க மெஷினை எல்லாம் மாஸ்க் பக்கம் திருப்பிட்டாங்க. அவங்க வெலைக்கு நம்மளால நிக்க முடியாது. போதும், நிறுத்திரலாம்." நாங்கள் கேட்கவில்லை. ஓடுகிற தொழிலை யாராவது நிறுத்துவார்களா என்று இன்னொரு சுற்றுத் துணி வெட்டினோம். ஆகஸ்டில் விலை பாதியாகச் சரிந்தது. 1,800 மாஸ்க் மூட்டையிலேயே கிடந்தது. 10,800 ரூபாய் நட்டம். அதையும் மறைக்காமல் இங்கே எழுதியிருக்கிறோம், பாருங்க. அந்த மூட்டையைப் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் கொடுத்துவிட்டோம்.

ஒரு தடவை மாறிவிட்டோம் என்ற தைரியமே, இரண்டாவது தடவை மாற விடாமல் கையைக் கட்டிவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தங்கச்சி பேச்சைக் கேட்டு நைட்டியும் உள்பாவாடையும் தைக்க ஆரம்பித்தோம். எல்லோரும் வீட்டிலேயே இருந்த காலம். நைட்டிக்குக் கிராக்கி இருந்தது. பஸ் ஜூன் 1-ல் ஓடியது, ஜூலையில் நின்றது, செப்டம்பரில் மறுபடி ஓடியது. பஸ் ஓடாத மாதத்தில் ஊருக்குள் விற்றோம், ஓடிய மாதத்தில் சந்தைக்குக் கொண்டு போனோம்.

கடைசியாக 2021. இரண்டாவது அலை. மே மாதக் கடைசியில் தினசரி எண்ணிக்கையில் சென்னையையே கோயமுத்தூர் தாண்டிப் போச்சு. ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு அலைந்த நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் குழுவில் இட்லி மாவு விற்கிற தங்கச்சியின் வீட்டுக்காரருக்கு ராத்திரி மூச்சுத் திணறல். பதினொரு மணிக்கு எனக்குப் போன். முந்தின வருடமாக இருந்தால் நான் நோட்டைப் பார்த்திருப்பேன், விதியைப் பார்த்திருப்பேன், காலையில் பேசலாம் என்றிருப்பேன். இந்தத் தடவை தீர்மானம் முன்கூட்டியே எழுதி, பதினாலு கையெழுத்தோடு தயாராக இருந்தது. அவசரத்துக்கு 10,000 ரூபாய் வரைக்கும் இரண்டு பிரதிநிதிகள் சேர்ந்து கொடுக்கலாம், மறுநாள் எல்லோருக்கும் சொல்லிக் கையெழுத்து வாங்கலாம் என்று. அதற்காகவே கொஞ்சம் பணம் கையிருப்பாக வைத்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸில் ஏறும்போது பணம் அவள் கையில் இருந்தது.

அவர் பிழைக்கவில்லைங்க. ஒன்பதாம் நாள் போய்விட்டார். பணம் உயிரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தங்கச்சி அந்த ஒன்பது நாளில் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வெளியே ஒரு ரூபாய் வட்டிக்கடன் இல்லை. மூன்றாம் மாதம் மறுபடி கிரைண்டரை ஓட்டினாள். அதுதான் குழுவால் முடிந்தது. அது சின்ன விஷயம் இல்லை என்று அவள் சொல்லுவாள். இதோ, நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நூல் சுத்துற அந்த அக்காவும் வந்திருக்கிறார். "பேர் மட்டும் சொல்லாம, மத்ததைச் சொல்லுங்க" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் இதைப் பேசுகிறேன். அவர் இன்றைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இப்போது எங்கள் குழுவின் கணக்கு நோட்டு அவர் வீட்டில்தான் இருக்கிறது. "எங்கிருந்து" பத்தியை ஒவ்வொரு வாரமும் அவர்தான் கேட்டு எழுதுகிறார். அவர் கேட்டால் யாரும் பொய் சொல்வதில்லை.

இந்த ஆண்டு விழாவில் எல்லாக் குழுவுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். நல்ல நாளிலேயே எழுதி வையுங்கள். கஷ்டம் வந்த பிறகு உட்கார்ந்து எழுத முடியாது. அப்போது பயம்தான் எழுதும். அந்தப் பக்கத்தில் நாலு விஷயம் இருந்தால் போதும். எதெல்லாம் வளையலாம், எவ்வளவு வளையலாம். அவசரத்துக்கு யார் முடிவெடுக்கலாம், எத்தனை ரூபாய் வரைக்கும். முதலில் யாருக்கு. எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பார்ப்பது. கீழே எல்லோர் கையெழுத்தும் இருக்கோணும். ஊக்குநர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது தீர்மானம் இல்லைங்க, என்னை மாதிரி ஒருத்தியின் பிடிவாதம்.

எங்கள் குழு இந்த செப்டம்பரில் அந்தப் பக்கத்தைத் திறந்தது. கம்பெனிக்குப் போகிற ஆறு பேருக்கும் வாரச் சேமிப்பு 50 ரூபாய்க்குப் பதில் 25 ரூபாய். அவர்கள் உள்கடன் தவணையில் அசல் பாதி. மற்ற எட்டுப் பேரும் வழக்கம்போல. பொங்கல் கழித்து முதல் புதன்கிழமை மறுபடி உட்காருவோம் என்று தேதி போட்டிருக்கிறோம். போன வாரம் "எங்கிருந்து" பத்தியில் ஒரு "வெ" வந்தது. அடுத்த புதன்கிழமை அவருக்கு உள்கடன்.

பேச்சை முடித்துக்கொள்கிறேன். நோட்டு இங்கே மேசையில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அபராதம் எழுதிய பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல் வைத்திருக்கிறேன்.